பம்பாயில் ஊர் மன்றங்கள்: மலிவான தங்குமிடத்தின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சாலைகளும் துறைமுகமும் இரயில் பாதைகளும் பம்பாய்க்கு ஆட்களை ஆயிரக்கணக்கில் இழுத்துவந்தன. ஆனால் கடல் சூழ்ந்த அந்தக் குறுகிய நிலத்தில் வந்தவர்கள் அனைவருக்கும் தலைசாய்க்க இடம் இருக்கவில்லை. வேலைக்கு வந்தோரில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த ஆண்கள் என்பதாலும், கூலியில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பியாக வேண்டும் என்பதாலும், தனியறை வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாத செலவாகவே இருந்தது. அந்த நகரத்தில் மலிவான தங்குமிடம் உருவான வரலாற்றை அரசு எழுப்பிய கட்டடங்களைக் கொண்டு மட்டும் எழுதினால் அதன் உயிரான பகுதி விடுபட்டுப்போகும்; ஏனெனில் ஏழைத் தொழிலாளிக்கு அங்கே முதலில் படுக்க இடம் தேடிக்கொடுத்தது அவனுடைய சொந்த ஊர்தான்.

இதற்குத் தெளிவான சான்று கோவா மக்களின் 'குட்' என்னும் ஊர் மன்றங்கள். போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில் பிழைப்புக்கு வழியின்றி, பிரிட்டிஷ் கப்பல்களில் சமையற்காரர்களாகவும் பணியாளர்களாகவும், நகரத்து வீடுகளில் பட்லர்களாகவும், தையற்காரர்களாகவும் இசைக்கலைஞர்களாகவும் வேலை தேடிவந்த கத்தோலிக்கர்கள், தோபி தலாவ், மஜகாவ் போன்ற பகுதிகளில் ஊருக்கு ஒன்றாகக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். கட்டிலோ தடுப்போ இல்லாத அந்தக் கூடத்தில் சுவரோரமாக வரிசையாக வைக்கப்பட்ட பெட்டிகளே ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தின் அடையாளம். இரவில் பெட்டியருகே பாயை விரித்துப் படுத்து, காலையில் சுருட்டிவைத்துவிட்டால், அதே தரை பகலில் அனைவருக்கும் பொதுவாகிவிடும். கப்பலேறிப் பல மாதங்கள் கடலில் இருக்கும் மாலுமிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தியது: அவன் இல்லாத காலத்திலும் பெட்டி அங்கேயே பத்திரமாக இருந்தது, கடிதங்கள் அந்த முகவரிக்கே வந்தன, திரும்பியதும் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை சொற்பக் கட்டணத்தில் அவன் அங்கே காத்திருக்க முடிந்தது.

அந்தக் குறைந்த கட்டணத்துக்கு ஈடாக மன்றம் கேட்டது ஒழுங்கை. ஊரின் பாதுகாவல் புனிதருக்கு ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பீடம் உண்டு. மாலையில் ஜெபமாலை சொல்லும் நேரத்தில் அங்கிருக்கும் உறுப்பினர்கள் கூடியாக வேண்டும். புனிதரின் திருவிழா ஊரில் நடப்பதுபோலவே பம்பாயிலும் நடந்தது. நோயுற்றவருக்கு உதவி, இறந்தவருக்கு அடக்கச் செலவு, புதிதாக வந்தவருக்கு வேலை பற்றிய தகவல் ஆகியவற்றையும் மன்றமே கவனித்துக்கொண்டதால், காப்பீடும் வேலைவாய்ப்பு அலுவலகமும் எட்டாத மனிதனுக்கு அது இரண்டுமாக இருந்தது. கொங்கண் கரையிலிருந்து ஆலைகளுக்கு வந்த மராட்டியத் தொழிலாளரும் ஏறத்தாழ இதே வழியைக் கண்டனர். 'சால்' எனப்படும், நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி ஓரறை வீடுகள் வரிசையாக அமைந்த கட்டடங்களில் ஊரார் சேர்ந்து ஓர் அறையை எடுத்து, பகல் ஷிப்டுக்காரர் எழுந்துபோன இடத்தில் இரவு ஷிப்டுக்காரர் படுக்குமாறு முறைவைத்துக்கொண்டனர், 'கானாவள்' என்ற மாதக் கணக்குச் சாப்பாட்டு வீடுகளில் உண்டனர். இந்தச் சாப்பாட்டைச் சமைத்துப்போட்ட பெண்களின் உழைப்பு இல்லாமல் ஆலைப்பகுதியின் மலிவு வாழ்க்கை ஒருநாளும் நடந்திருக்காது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும்.

அரசு விழித்துக்கொண்டது 1896இல் பரவிய பிளேக் நோயால். 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. அது நெரிசலான குடியிருப்புகளை இடித்த வேகத்துக்குப் புதியவற்றைக் கட்டவில்லை. 1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாய்டின் காலத்தில் தொடங்கிய பம்பாய் வளர்ச்சித் துறை 50,000 குடியிருப்புகளைத் திட்டமிட்டு, பஞ்சுப் பொதிகள்மீது வரி விதித்துப் பணம் திரட்டியும், வொர்லி, நய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் ஏறத்தாழ 16,000 அறைகளையே கட்டி முடித்தது. ஆலைத் தொழிலாளிக்கென்று கட்டிய அந்தக் கான்கிரீட் அறைகளில் கணிசமானவை, வாடகையும் வசதிக் குறைவும் காரணமாக, தொடக்க ஆண்டுகளில் ஆளின்றிக் கிடந்தன. அதே காலத்தில் ஊர் மன்றங்களின் தரையில் இடம் போதவில்லை என்பதை எண்ணிப்பார்த்தால், திட்டமிட்டவர்கள் தொழிலாளியின் சட்டைப்பையையும் உறவுகளையும் அறியாமலே அறைகளை அளந்தார்கள் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

எனினும் மன்றங்களைக் குறையற்றவையாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவை பெரும்பாலும் ஆண்களுக்கானவை என்பதால், ஆயா வேலைக்கு வந்த கோவாப் பெண்கள் எசமானர் வீட்டையோ உறவினர் வீட்டையோ நம்பியிருந்தனர். ஊரின் சாதிப் பிரிவுகளும் பெட்டிகளோடு சேர்ந்தே நகரத்துக்கு வந்தன. ஊர் இல்லாதவனுக்கும் ஊரால் ஒதுக்கப்பட்டவனுக்கும் நடைபாதையே மிஞ்சியது.

1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உயரவிடாமல் நிறுத்தியதால்தான், தோபி தலாவில் உள்ள ஜெர் மஹால் போன்ற பழைய கட்டடங்களில் சில மன்றங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஆனால் அதே சட்டத்தால் உரிமையாளர்கள் பராமரிப்பைக் கைவிட, கட்டடங்கள் தளர்ந்து மறுகட்டுமானத்துக்கு உள்ளாகின்றன. அத்தகைய திட்டங்கள் வாடகைதாரரைக் கணக்கிடும்போது கதவைத்தான் எண்ணுகின்றன. ஒரே கதவுக்குப் பின்னால் பல தலைமுறைகளாக ஓர் ஊரே தங்கி எழுந்துபோயிருந்தாலும், அது அவற்றின் பதிவேட்டில் ஒரு வாடகைதாரராகவே நிற்கிறது.