ஹரித்வார் பஹியும் எங்கள் வீட்டு அடமானப் பத்திரமும்

டெல்லிக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது வருடம், கூட வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பரின் அப்பா காலமானார். அஸ்தி கரைக்க ஹரித்வார் போனபோது துணைக்கு நானும் போனேன். காரியம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்தால், மனுஷன் ஒரு பண்டாவைத் தேடிக்கொண்டு சந்து சந்தாக அலைகிறார்.

கண்டுபிடித்த பண்டா முதலில் பெயரைக் கேட்கவில்லை. "பூர்வீகம் எந்த ஊர், என்ன ஜாதி?" என்றுதான் கேட்டார். அந்தப் பதிவேடுகளை, 'பஹி' என்கிறார்கள், ஊர்வாரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். யாத்திரை வரும் ஒவ்வொரு குடும்பமும் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து வம்சாவளிச் சங்கம் ஒன்று இவற்றில் பலவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருக்கிறது.

பண்டா கடகடவென்று எட்டுத் தலைமுறை வாசித்தார். நண்பரின் சொந்த ஊர் இன்று பாகிஸ்தானில். 1947-ல் கட்டிய துணியோடு வந்த குடும்பம். ஒரு பக்கத்தில் அவருடைய தாத்தா உருதுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பருக்கு உருது படிக்கத் தெரியாது. அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "உங்களுக்கு எத்தனை தலைமுறை தெரியும்?"

எண்ணினேன். அப்பா, தாத்தா, பூட்டன். அவ்வளவுதான். அமாவாசை தர்ப்பணத்தில் சொல்வதும் அந்த மூன்றுதானே! நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் ஒரு தலைமுறைக்குத்தான் பேசும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம் (பேரன் என்ற சொல்லே பெயரன்தான்). பழைய பத்திரத்தில் ஒரு பெயரைப் பார்த்தால் அது தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்று குழப்பம்.

சரி, எவ்வளவு தூரம் போகலாம்? வீட்டுக்கடன் ஃபைலில் வக்கீல் முப்பது வருட வில்லங்கம் பார்த்தால் எங்களுக்குத் திருப்தி. குடும்பத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. பி.காம். படித்த புத்தி, கால்குலேட்டரை எடுத்தேன். பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அடுத்து 8. பத்தாவது தலைமுறையில் 1,024. முப்பதாவதில் 107 கோடி! சுமார் 750 வருடத்துக்கு முன் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஆக, ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார். நமக்கு இது சீக்கிரமே ஆரம்பித்துவிடும். அப்பா தன் மாமன் மகளைக் கட்டியிருந்தால் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான் :-) ஆகவே "எங்க மூதாதை ராஜா" என்று முப்பது தலைமுறை தாண்டிப் பெருமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ராஜா பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூதாதையாகத்தான் இருப்பார்.

ஆனால் கிட்டே இருப்பதைத் தேடலாமே. அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். 1931-ல் பூட்டன் நஞ்சையை அடமானம் வைத்த பத்திரம் இருந்தது. தமக்காகவும், மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். குமாரர்கள் மூன்று பேர்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இரண்டு பேர்தான்.

திருநெல்வேலியில் இருக்கும் பெரிய அத்தைக்குப் போன் போட்டேன். வயது எண்பத்து நான்கு. அந்த மூன்றாவது பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அது ரங்கூன் சித்தப்பா. நான் பார்த்ததில்லைப்பா. ஜப்பான்காரன் குண்டு போட்டப்புறம் லெட்டரே வரலையாம். ஆச்சி சாகிற வரைக்கும் தபால்காரன் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு வந்துருவா."

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே ஜப்பான் கையில். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள், வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. அவர்களில் எங்கள் வீட்டு ஆளும் ஒருவரா, அங்கேயே போனாரா? எந்தப் பஹியிலும் இருக்காது.

"இத்தனை வருஷமா ஏன் அத்தை சொல்லல?"

"நீங்க யாரு கேட்டீங்க?"

ஆச்சியின் பெயரையும் கேட்டேன். பத்திரத்தில் அது இல்லை. அத்தைக்கும் "ஆச்சி" என்றுதான் ஞாபகம். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் போன். ஹலோ கூடச் சொல்லாமல் அத்தை ஒரு பெயரைச் சொன்னார். பிறகு, "எழுதிட்டியா? ஒரு தடவை படிச்சுக் காட்டு" என்றார்.