பாக்டீரியா வளர்ச்சிக் கணக்கில் அரைவினைகள்

பாக்டீரியா தன் உணவிலிருந்து பெறும் ஆற்றலையும் அதனால் அடையும் வளர்ச்சியையும் எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கும் முறை. ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினையை எலக்ட்ரானை இழக்கும் பாதி, ஏற்கும் பாதி எனப் பிரித்துச் சமன்செய்வது வேதியியலில் பழைய வழக்கம். பாக்டீரியாவுக்கு மூன்றாவதாக ஓர் அரைவினை தேவை: செல் உருவாக்கம்.

வரலாறு: ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1887இல் கந்தக பாக்டீரியாவையும், 1890 வாக்கில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவையும் ஆராய்ந்து, கனிமப் பொருளின் ஆக்சிஜனேற்றமே உயிருக்கு ஆற்றல் தரும் என்று காட்டினார். உட்கொண்ட உணவுக்கும் பெருகிய செல்களுக்கும் நிலையான விகிதம் உண்டு என்பதை 1942இல் பிரான்சின் ழாக் மோனோ நிறுவினார். 1952இல் ஹூவர், போர்ஜஸ் ஆகியோர் பால்பண்ணைக் கழிவில் வளர்ந்த செல்களுக்கு ஒரு வாய்ப்பாடு தந்தனர்: கார்பன் 5, ஹைட்ரஜன் 7, ஆக்சிஜன் 2, நைட்ரஜன் 1. செல்லையும் ஒரு வேதிச் சேர்மமாகச் சமன்பாட்டில் எழுத அது வழி திறந்தது. அமெரிக்கப் பொறியாளர் பெரி மெக்கார்ட்டி 1960களிலும் 70களிலும் இவற்றை ஒரே முறையாக இணைத்தார்.

கணக்கிடும் முறை: உணவு தரும் எலக்ட்ரான்களில் ஒரு பங்கு ஆற்றலுக்கும் மறுபங்கு செல் ஆக்கத்துக்கும் செல்கிறது, இரண்டும் கூடினால் 1. ஒரு மோல் அசிட்டேட் 8 மோல் எலக்ட்ரான் தரும். காற்றுள்ள சூழலில் அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு, அதாவது 4.8 மோல், செல்லாக மாறும். அம்மோனியத்திலிருந்து நைட்ரஜனைப் பெற்று ஒரு மோல் செல்பொருள் ஆக 20 மோல் எலக்ட்ரான் வேண்டும். எனவே கிடைப்பது 0.24 மோல், சுமார் 27 கிராம். மீதி 3.2 மோல் எலக்ட்ரானை 0.8 மோல் ஆக்சிஜன் ஏற்கும். காற்றில்லாமல் அதே அசிட்டேட் மீத்தேனாகும்போது செல்லுக்குப் போவது 5 விழுக்காடுதான். இரண்டு கிராமுக்குச் சற்றே கூடுதல். காரணம் ஆற்றல். திட்ட நிலையில், ஒரு மோல் எலக்ட்ரான் ஆக்சிஜனைச் சேரும்போது சுமார் 106 கிலோஜூல் கிடைக்கிறது. மீத்தேனாகும்போது கிடைப்பது ஏறத்தாழ 4 கிலோஜூல். வருவது குறைந்தால், உணவின் பெரும்பகுதியை ஆற்றலுக்கே செலவிட்டாக வேண்டும்.

பயனும் எல்லையும்: கழிவுநீர் நிலையத்துக்கு எவ்வளவு காற்று செலுத்துவது, எவ்வளவு சேறு சேரும், எவ்வளவு மீத்தேன் கிடைக்கும் என்பதைக் கட்டுமானத்துக்கு முன்பே இக்கணக்கு சொல்கிறது. ஆனால் செல்லின் பராமரிப்புச் செலவும் இறப்பும் சேரும்போது நடைமுறை விளைச்சல் இதைவிடக் குறையும்.

ஆற்றல் கணக்கின் வலிமைக்குச் சிறந்த சான்று அனமாக்ஸ். காற்றில்லாமல் அம்மோனியத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியா இருக்கக்கூடும் என்று ஆஸ்திரியாவின் எங்கல்பெர்ட் புரோடா 1977இல் ஆற்றலை மட்டும் கணக்கிட்டு முன்னுரைத்தார். நெதர்லாந்தின் கழிவுநீர்ச் சோதனை உலை ஒன்றில் அவ்வினை நடப்பதாக 1995இல் அறிவிக்கப்பட்டது. எந்த வினை உயிரைத் தாங்கக்கூடும் என்பதைக் கணக்கு காட்டுகிறது. அதை நடத்தும் நொதி இயற்கையில் உண்டா என்பதை ஆய்வகமே கண்டறிய வேண்டும்.