பன்யன் கண்ட ஆறுதல்

துன்புறும் வேளையில் இறைவன் தன்னோடு இருக்கிறான் என்பதை மனிதன் உள்ளத்தால் உணர்வதையே கிறிஸ்தவ மரபு ஆறுதல் என்று போற்றி வந்துள்ளது. தூய ஆவியைத் தேற்றரவாளன் என்னும் பெயராலேயே தமிழ்த் திருமறை அழைக்கின்றது. எனினும் அவ்வாறுதல் விரும்பிய போதெல்லாம் வருவதன்று. வந்தபின் நிலைத்து நிற்பதும் அன்று. அது வாராத பொழுதில் விசுவாசம் என்னவாகும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர்களுள் ஜான் பன்யன் (1628–1688) குறிப்பிடத்தக்கவர்.

இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில், பழைய பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் பன்யன். தாமும் அத்தொழிலையே செய்தார். இளமையில் உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் பணியாற்றினார். ஒருநாள் பெட்போர்டுத் தெருவில், வாயிற்படியில் வெயில் காய்ந்தவாறு அமர்ந்திருந்த ஏழைப் பெண்கள் சிலர், இறைவன் தங்கள் உள்ளங்களில் செய்த செயல்களையும், அவன் வாக்குகளால் தாங்கள் பெற்ற தேறுதலையும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அம்மகிழ்ச்சி தமக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அன்று அவரைப் பற்றிக்கொண்டது.

அதன்பின் அவர் பட்ட அகப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1666-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூல் அதனை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கின்றது. ஒருநாள் ஒரு மறைவாக்கு அவரைத் தேற்றும். மறுநாளே மற்றொரு வாக்கு அவரை அச்சுறுத்தும். தலைமகனுரிமையை விற்றுவிட்டுப் பின் கண்ணீர் விட்ட ஏசாவின் கதை தம்மைப் பற்றியதே என்று நடுங்கினார். அருள் போதும் என்று பவுலுக்கு உரைக்கப்பட்ட வாக்கும் ஏசாவைப் பற்றிய வாக்கும் துலாக்கோலின் இரு தட்டுகள் போல அவருள்ளத்தில் ஏறியிறங்கின. முடிவில், வயல்வெளியில் நடந்து செல்கையில் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. தம்மை இறைவன் முன் நிறுத்தும் நீதி விண்ணகத்தில் உள்ள கிறிஸ்துவே. தம் மனம் மகிழ்வதால் அந்நீதி கூடுவதும் இல்லை, சோர்வதால் குறைவதும் இல்லை என்பதே அத்தெளிவு. உணர்ச்சியை அவர் இகழவில்லை. அதனை அடித்தளமாகக் கொள்வதை மட்டுமே விடுத்தார்.

அத்தெளிவுக்குச் சோதனை 1660 நவம்பரில் வந்தது. முடியாட்சி மீண்ட அவ்வாண்டில், அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக அவர் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதி கூறியிருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம், அவர் இசையவில்லை. கைதுச் செய்தியின் அதிர்ச்சியால் அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத்துக்குக் குறைப்பேறு நேர்ந்தது; குழந்தை பிழைக்கவில்லை. மூத்தாளின் குழந்தைகள் நால்வரையும் காக்கும் பொறுப்பு அவ்விளம்பெண்மீது விழுந்தது. அந்நால்வருள் மேரி பார்வையற்றவள். அவள் படப்போகும் துயரை எண்ணியபோதெல்லாம் தந்தையின் நெஞ்சம் பிளந்தது. சிறையிலிருந்தவாறே காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்று அவர் குடும்பத்திற்கு உதவினார். இடையில் சிறிது காலம் நீங்கலாக, 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

சிறையில் திருமறை தமக்கு முன்னெப்போதும் இல்லாத அளவு திறந்துகொண்டதாகப் பன்யன் எழுதுகிறார். ஆயினும் தொடக்க நாள்களில் நிலைமை வேறாக இருந்தது. தூக்குமரத்தில் ஏற்றப்படுவோமோ என்று அஞ்சினார். ஏணியில் ஏறுகையில் கால் நடுங்கினால் திருப்பெயருக்கே இழுக்காகுமே என்று மேலும் அஞ்சினார். தேவையின் உச்சத்தில் ஆறுதல் ஒரு துளியும் வரவில்லை. அப்பொழுது அவர் செய்துகொண்ட முடிவு கிறிஸ்தவ ஆன்மிக வரலாற்றில் நினைவுகூரத் தக்கது. தம்மைத் தேற்றுவதும் தேற்றாமையும் இறைவனின் உரிமை. அவனைப் பற்றி நிற்பது தம் கடமை. ஆதலின், ஆறுதல் கிட்டினும் கிட்டாவிடினும், கண் கட்டியவனைப் போல ஏணியிலிருந்து நித்தியத்திற்குள் குதித்து விடுவதென்று துணிந்தார். ஏந்துவான் எனில் ஏந்தட்டும். இன்றேல் அவன் பெயருக்காக ஆகட்டும் என்று தம்மை ஒப்படைத்தார். யோபு பயன் கருதியா இறைவனுக்கு ஊழியம் செய்கிறான் என்ற சாத்தானின் வினா உடனே அவர் நினைவுக்கு வந்தது. பயன் கருதாப் பற்று தம்மிடம் உள்ளதென்று கண்டபோது, தேடியபொழுது வாராத ஆறுதல் தானே வந்து உள்ளத்தை நிறைத்தது.

1678-இல் வெளிவந்த 'மோட்சப் பயணம்' இவ்வனுபவத்தையே உருவகமாக்குகின்றது. நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டையில் பல நாள் அடிபட்டுக் கிடந்த பயணி, நள்ளிரவு முதல் வைகறை வரை மன்றாடிய பின்னரே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை உணர்கிறான். திறவுகோல் புதிதாகத் தரப்பட்டதன்று. உணரப்படாத பொழுதும் அவனிடம் இருந்ததே. இறுதி ஆற்றில் அவன் அஞ்சி அமிழும்போது, உடன்வந்த தோழன் அவன் தலையைத் தாங்கிப் பிடிக்கிறான். தனியாள் உணர இயலாத ஆறுதலைச் சபையின் தோழமை ஏந்தி வருகின்றது என்பது இதன் பொருள்.

தமிழுலகும் இந்நூலைத் தனதாக்கிக் கொண்டது. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடியில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900), அதனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தை 3,700-க்கும் மேற்பட்ட செய்யுட்களில் யாத்து 1894-இல் வெளியிட்டார். பன்யன் சுருங்கச் சுட்டிய சிலுவைக் காட்சியை இவர் விரித்துக் கிறிஸ்துவின் பாடுகளை விருத்தங்களில் பாடினார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாக்களையும் அமைத்தார். ஆங்கிலத் தொழிலாளி உரைநடையில் ஆராய்ந்து கண்ட ஆறுதல், தமிழ்ப் புலவரிடம் பக்திப் பாடலாயிற்று. துன்புறுவோரைத் தேற்றுபவர் துன்புற்றவரே என்பது அக்காப்பியம் சேர்த்த அழுத்தம்.

ஆறுதலை உணராதவன் விசுவாசம் இழந்தவன் என்று தீர்ப்பிடுதல் இம்மரபுக்கு ஒவ்வாதது. உணர்வு அருளின் கொடை. அருளுக்கு அளவுகோல் அன்று. பெட்போர்டுச் சிறை கற்பித்த பாடம் அதுவே.