அந்தமான் வீட்டுத் தோட்டத்துக்கு 12 வோல்ட் விளக்கு: டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையில் வேலை, ஸ்ரீவிஜயபுரத்தில் (போர்ட் பிளேர்) அப்பா அம்மா வீடு. அல்லது ஸ்வராஜ் தீவில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே. தோட்டத்துக்கு விளக்கு போட நினைக்கிறீர்களா? விளக்கைத் தேடும் முன் டிரான்ஸ்ஃபார்மரை யோசியுங்கள்.

ஏன் 12 வோல்ட்?

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈர மண்ணில் புதைத்த 230 வோல்ட் கேபிளில் மண்வெட்டி பட்டால் உயிரே போகலாம். 12 வோல்ட்டில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

ஆனால், டிரான்ஸ்ஃபார்மருக்குள் வருவது அதே 230 வோல்ட்தான். அதனால் இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக உள்ள 'ஐசொலேட்டிங்' வகையே வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் கூடவே கூடாது.

எவ்வளவு பெரியது?

5 வாட் விளக்கு 6 என்றால் மொத்தம் 30 வாட். அதை 0.8-ஆல் வகுத்தால் 37.5. பின்னால் இரண்டு விளக்கு சேர்க்கவும் இடம் வேண்டுமே, 60 வி.ஏ. வாங்கலாம்.

விளக்குக்கு வேண்டியது ஏசியா, டிசியா என்று அட்டையில் பாருங்கள். பழைய ஹாலஜன் விளக்கின் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டில் கிடக்குதேன்னு மாட்டிடாதீங்க. குறைந்தபட்ச லோடு இல்லாவிட்டால் எல்இடி மினுக்கும்.

ஒயரில் எங்கே தவறு நடக்கிறது?

வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும். 30 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஓடும். விளக்குகள் 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர் ஒயர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு சுமார் 0.75 வோல்ட்.

விளக்குகளை பேரலலாக இணையுங்கள். முடிந்தால் வரிசையின் நடுவில் மின்சாரம் கொடுங்கள்; இரு முனைக்கும் தூரம் குறையும். எல்லா விளக்கும் எரியும்போது கடைசி விளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது.

எப்படி மாட்டுவது?

• தரையில் வைக்காமல், கூரைக்குக் கீழே காற்றோட்டமுள்ள சுவரில் மாட்டுங்கள். ஐபி65 பெட்டி நல்லது.

• ஒயர் கீழிருந்து நுழையட்டும்; பெட்டிக்கு முன் ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

• கடல் காற்றில் செம்பு பச்சை பூக்கும். ஈயம் பூசிய செம்பு ஒயர், ஜெல் நிரப்பிய கனெக்டர் வாங்குங்கள். வெறும் டேப் ஒரு மழைக்காலம்கூட தாங்காது.

• 12 வோல்ட் பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஷாக் அடிக்காவிட்டாலும் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

• 230 வோல்ட் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். 12 வோல்ட் ஒயரை எர்த்தில் சேர்க்கக் கூடாது. இந்தப் பக்க வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கடைசியாக ஒன்று

டிக்லிபூர் அருகே காலிப்பூர் போன்ற கடற்கரைகளில் ஆமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் கரைப்பக்கம் நகர்ந்துவிடும். கடலோர வீடென்றால் விளக்கு கீழ்நோக்கியே இருக்கட்டும். ஆம்பர் நிறம் நல்லது. ஒரு டைமரும் போடுங்கள். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலில்தான் உற்பத்தியாகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது.