இடிந்த பள்ளியும் எழுப்பிய கைகளும்

தை மாதத்துக் குளிர் இன்னும் விலகாத காலை வேளை அது. 2001-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள். குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் ஊர்தோறும் பள்ளிப் பிள்ளைகள் வெளுத்த சீருடை அணிந்து குடியரசு நாள் விழாவுக்குக் கூடியிருந்தனர். காலை 8 மணி 46 நிமிடத்துக்குப் பூமி அதிர்ந்தது. அஞ்சார் என்னும் பழைய நகரில் கொடியேந்தி அணிவகுத்துச் சென்ற பிள்ளைகள் அந்நேரம் ஒரு குறுகிய சந்தினுள் இருந்தனர். இருமருங்கிலும் நின்ற வீடுகள் அவர்கள் மீது சரிந்தன. 185 மாணவர்களும், அவர்களை அழைத்துச் சென்ற 20 ஆசிரியர்களும் அங்கேயே மாண்டனர்.

விதியின் விளையாட்டு என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில், அதே விழாவின் காரணமாகப் பிற ஊர்களில் எண்ணற்ற பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெட்டவெளியில் நின்றனர். ஆதலால் உயிர் தப்பினர். வேறொரு நாளில், சற்றுப் பிந்திய நேரத்தில் இந்நடுக்கம் நேர்ந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதைப் பள்ளிக் கட்டடங்களின் கணக்கே உணர்த்தும். குஜராத் மாநிலத்தில் 1,884 பள்ளிக் கட்டடங்கள் அடியோடு வீழ்ந்தன. 5,950 வகுப்பறைகள் அழிந்தன. மாண்ட மாணவர் 971 பேர். ஆசிரியர் 31 பேர். எல்லா வயதினரையும் சேர்த்து உயிரிழந்தோர் அரசின் கணக்கில் 13,800-க்கும் மேற்பட்டோர்.

கட்ச் நாட்டுக்கு நிலநடுக்கம் புதியதன்று. 1819-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிகழ்ந்த பெருநடுக்கத்தில் சமநிலத்தின் நடுவே நெடிய மேடொன்று எழுந்தது. இறைவனே கட்டிய அணை எனக் கருதி மக்கள் அதனை ‘அல்லா பந்த்’ என்று அழைத்தனர். பின்னர் 1956-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அஞ்சார் நகரமே ஒரு நடுக்கத்துக்கு இரையாகி நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தது. அவ்வாறு எச்சரிக்கை பெற்ற பின்னும் பழைய அஞ்சாரின் சந்துகள் சந்துகளாகவே இருந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அணிவகுப்பு அவற்றினூடே சென்றது. பேரிடரின் வரலாற்றைப் படிப்போர்க்கு இதனினும் கசப்பான பாடம் வேண்டுவதில்லை.

பள்ளிகள் ஏன் வீழ்ந்தன? கல்லை அடுக்கி மண்சாந்து பூசி எழுப்பிய பழைய சுவர்கள் வீழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அண்மையில் கட்டிய பள்ளிகளும் வீழ்ந்தன. முன்கூட்டியே வார்த்த காங்கிரீட் பலகைகளைக் கொண்டு விரைவாகக் கட்டப்பட்ட பள்ளிகள் பலவற்றில், கூரைப் பலகைகளை ஒன்றோடொன்றும் சுவரோடும் போதிய அளவு பிணைக்கவில்லை. நிலம் அசைந்தபோது அவை தனித்தனியே நழுவி விழுந்தன. ஆகவே பணம் செலவிடப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. புதுமை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பிணைப்பு ஒன்றே இல்லை.

இப்பிணைப்பின் சூத்திரம் எளியது. கதவு சன்னல்களின் தலைமட்டத்தில், நான்கு சுவர்களையும் சுற்றி, கம்பியிட்ட காங்கிரீட் பட்டை ஒன்று ஓட வேண்டும். மூலைகளில் கீழிருந்து மேல்வரை கம்பி நிற்க வேண்டும். துணி மூட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது போன்ற வேலையே இது. 1967-ஆம் ஆண்டிலேயே இந்தியத் தர விதிகளில் இவை எழுதப்பட்டுவிட்டன. ஏட்டில் இருந்த விதி கொத்தனாரின் கைக்கு வந்து சேரவில்லை. நடுக்கத்துக்குப் பின்னர் குஜராத்தில் நடந்த நற்காரியங்களுள், கொத்தனார்களுக்கு இம்முறையைப் பயிற்றுவித்ததையும் தலையாயதாகக் கருதலாம்.

இனி அறக்கொடையின் பக்கம் திரும்புவோம். செய்தி பரவிய சில நாட்களுக்குள் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் அரிசியும் கம்பளியும் கட்ச் நோக்கிச் சென்றன. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் கூடாரங்களையும் கற்பதற்கான கருவிகளையும் அனுப்பியது. இராமகிருஷ்ண மடம் முதலான சமய நிறுவனங்களும், தொழில் நிறுவனங்களும், உள்ளூர்த் தொண்டர் அமைப்புகளும் ஊர்களையும் பள்ளிகளையும் தத்தெடுத்தன. 1998-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னர் உருவாகியிருந்த கட்ச் நவநிர்மாண் அபியான் என்னும் கூட்டமைப்பு, யாருக்கு எது வேண்டும், யார் எதைத் தருகிறார் என்பதை ஊர்வாரியாகத் தொகுத்துக் கொடுத்தது. கொடுப்போர் மிகுந்த காலத்தில் இவ்வாறு கணக்கெடுப்போரின் தொண்டு மிக இன்றியமையாதது. இல்லையேல் நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்குக் கொடை குவியும்; உள்ளே பத்துக் கல் தொலைவில் இருக்கும் ஊர் காத்துக் கிடக்கும்.

பள்ளியை மீண்டும் திறப்பதற்குக் கட்டடம் வரையில் காத்திருக்கலாகாது என்பதைக் கட்ச் நமக்குக் கற்பித்தது. கூடாரத்தில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைப்பதற்குப் பாடம் மட்டும் காரணமன்று. தந்தையும் தாயும் இடிபாட்டில் பொருள் தேடும் பகற்பொழுதில் பிள்ளைக்கு அதுவே பாதுகாவலான இடம். ஒரு வேளை உணவு கிடைக்கும் இடம். தன்னையொத்த பிள்ளைகளோடு சிரிக்கக் கிடைக்கும் இடம்.

ஆனால் அக்கூடாரத்தின் முன்னே நின்ற ஆசிரியரைப் பற்றி நாம் எவ்வளவு நினைத்தோம்? அவர் வீடும் வீழ்ந்திருந்தது. அவரும் தம்மவரை இழந்திருந்தார். கட்ச் மாவட்டத்தில் பணியாற்றிய ஆசிரியர் பலர் குஜராத்தின் வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்கள். சொந்த ஊருக்குத் திரும்பிவிட அவர்களுக்குக் காரணம் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் திறந்து, பதில் வராத பெயர்களைத் தாண்டி அடுத்த பெயரை அழைக்கும் துணிவை யார் அவருக்கு அளிப்பது? கரும்பலகை வாங்கிக் கொடுத்தவர்கள் பலர். ஆசிரியருக்குத் தங்க ஓர் அறை, அவர் துயரைக் கேட்க ஒரு துணை, துயருற்ற பிள்ளையை நடத்தும் முறையில் சிறிது பயிற்சி, இவற்றை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. அச்சிலருடைய கொடைக்குக் கல்வெட்டு இல்லை. எனினும் அதன் பயனே பள்ளியை நிலைக்கச் செய்தது.

கொடையின் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெருநடுக்கம் நேர்ந்தபோது, காந்தியடிகள் தென்னாட்டில் அரிசனத் தொண்டுப் பயணத்தில் இருந்தார். சிறையிலிருந்து விடுதலையான இராஜேந்திர பிரசாத் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு அமைந்தது. அதன் நிதியைக் காக்கும் பொறுப்பு, தஞ்சையில் பிறந்து இலண்டனில் கணக்கியல் பயின்ற தமிழர் ஜே. சி. குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் உணவுச் செலவுக்கு அவர் அணாக்கணக்கில் வரம்பு விதித்தார். காந்தியடிகளின் பரிவாரம் வந்தபோதும் அவ்வரம்பைத் தளர்த்தி நிவாரண நிதியில் செலவெழுத மறுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அடிகள் அதனை ஏற்றுக்கொண்டார். ஏழை கொடுத்த ஓரணாவைக் காப்பவனுக்கு மகாத்மாவும் விலக்கல்லர் என்னும் இந்நெறியை, ஊர்விட்டுச் சென்ற ஒரு தமிழர் பீகார் மண்ணில் நிலைநாட்டினார் என்பது நாம் பெருமையோடு நினைத்தற்குரியது.

கட்ச் நாட்டிலும் நம்மவர் இருந்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து அகதிகளுக்காக எழுந்த காந்திதாம் நகரிலும், கராச்சிக்கு ஈடாக வளர்ந்த கண்ட்லாத் துறைமுகத்திலும் வேலை தேடி வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் அந்த அதிர்ச்சியை அயலாராக நின்று பார்க்கவில்லை. அண்டை வீட்டுக் குஜராத்தியரோடு அவர்களும் தெருவில் உறங்கினர். நான்காண்டு கழித்து, 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தாக்கியது. கடலோரப் பள்ளிகள் சேறும் மணலும் நிறைந்து கிடந்தன. அப்பொழுது கட்ச் மண்ணில் அனுபவம் பெற்ற தொண்டர்கள் அங்கு வந்து, கொடைகளை ஒழுங்குபடுத்தும் முறையில் துணை நின்றனர். வடமேற்கு மூலையில் கற்ற பாடம் சோழ மண்டலக் கரைக்குப் பயன்பட்டது.

நாம் வாழும் மாநிலம் எதுவாயினும், வெள்ளமோ புயலோ நடுக்கமோ ஒருநாள் வரக்கூடும். நம் தமிழ்ச் சங்கத்தில் உண்டியல் குலுங்கும். அப்பொழுது நாம் மறவாது கேட்க வேண்டியவை உண்டு. அந்தப் பணம் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போகிறது, அவ்வூரார் அதனைக் கேட்டனரா? புதுச்சுவரில் பட்டை ஓடுகிறதா, அதனைப் பார்த்தறிந்தவர் யார்? ஆசிரியர் எங்கே தங்குகிறார்? ஆண்டு முடிவில் வரவுசெலவு நம் கைக்கு வருமா? இவ்வாறு கேட்பது கொடையைக் குறைப்பதாகாது. முதல் மாதத்தில் அள்ளிக் கொடுத்து மறந்துவிடுவதைக் காட்டிலும், மூன்றாண்டு சிறுகச் சிறுகக் கொடுத்து விசாரிப்பது பள்ளிக்கு மிகுந்த பயன் தரும்.

அஞ்சாரில் மாண்ட அப்பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுப்பிய நினைவகம் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. குஜராத் செல்லும் நம்மவர் ஒருமுறை அங்கு சென்று வணங்கி வரலாம். வந்த பின், தாம் வாழும் ஊரில் தம் பிள்ளை பயிலும் பள்ளியின் சுவரையும் கூரையையும், பிள்ளைகள் வெளியேறும் வழியின் அகலத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்து வருதல் வேண்டும். மாண்டவர்க்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.