பத்து ராகங்களும் ஒரு பேஸ் இயந்திரமும்: சரண்ஜித் சிங் நேர்காணல்களை முன்வைத்து

1982இல் எச்.எம்.வி. முத்திரையுடன் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பத்து இந்துஸ்தானி ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். வாசித்தவர் சரண்ஜித் சிங், பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் கிதார், கீபோர்டு என்று பலவும் வாசித்துப் பிழைத்த பக்கவாத்தியக்காரர். தட்டு விலைபோகவில்லை. 2002இல் எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் அதைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். கேட்டவர்கள் திகைத்தார்கள். சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' தொடங்கிவைத்ததாகக் கருதப்பட்ட ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையின் ஒலி, ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் பதிவாகியிருந்தது. இது யாரோ செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள்.

எழுபது வயதை எட்டியிருந்த கலைஞரைத் தேடி அதன்பிறகுதான் நேர்காணல் செய்பவர்கள் போனார்கள். அவர் சொன்னது எளிமையானது: படங்களில் டிஸ்கோ மோகம் ஓங்கியிருந்தது, வேறாக ஏதாவது செய்யலாமென்று தோன்றியது, தபலாவை விலக்கி, ராகத்துக்கு டிஸ்கோ அடியைக் கொடுத்துப் பார்த்தார். புரட்சி செய்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. கேள்வி கேட்டவர்களுக்குத்தான் ஆசிட் ஹவுஸுக்கு ஒரு தந்தை தேவைப்பட்டார்.

சிங்கின் தட்டுக்கும் சிகாகோ ஒலிக்கும் உள்ள ஒற்றுமைக்கான விளக்கம் கருவிகளில் இருக்கிறது. அவர் பயன்படுத்திய மூன்றும் ரோலண்ட் தயாரிப்புகள்: ஜூபிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் இயந்திரம். கடைசியாகச் சொன்னது, தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்க்காரருக்குத் துணையாக பேஸ் வாசிப்பதற்காக உருவானது. உண்மையான பேஸ் கிதார்போல அது ஒலிக்கவில்லை. 1984லேயே தயாரிப்பு நின்றது. மலிவாகக் கைமாறிய பெட்டிகளில் ஒன்று சிகாகோ இளைஞர்களிடம் சிக்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகி அந்தக் கீச்சிடும் நெளிவை அவர்கள் பிடித்தார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகம் வாசிப்பவருக்கு இது வரப்பிரசாதம். விட்டுவிட்டு ஒலிக்கும் கட்டைகளில் கிடைக்காத 'மீண்ட்' என்னும் சுர இழைவு இதில் ஓரளவு கிடைத்துவிடுகிறது. ராகத்துக்கு மேற்கத்திய பாணியில் கார்டு மாற்றம் தேவையில்லை. ஆதார சுருதி அசையாமல் நிற்க, மேலே மெல்ல விரியும். ஹவுஸ் இசையும் ஒரே பேஸ் சுழற்சியின் மேல் நிமிடக்கணக்கில் இப்படித்தான் வளர்கிறது. தட்டில் உள்ள பூபாளியும் மால்கௌன்ஸும் நமக்கு மோகனமும் ஹிந்தோளமும். தெரிந்த ராகமாகவே கேட்கிற தமிழ்க் காதுக்கு அது ஐரோப்பியக் கேட்பவர் கண்ட அளவுக்கு எதிர்காலத்தனமாகத் தோன்றாது.

ஆகவே சிங்கின் தட்டிலிருந்து சிகாகோவுக்கு ஒரு கோடு இழுக்கச் சான்றில்லை. ஒரே இயந்திரம், ஒரே வகை இசைக்கட்டமைப்பு, இரண்டு ஊர்கள். மாறாக, 2010க்குப் பிறகு அவருடைய தாக்கம் மெய்யானது: மறுபதிப்பைக் கேட்ட தலைமுறைக்காக அவர் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். 

தமிழ்ப் பக்கம் வந்தால் சான்று கெட்டியாக இருக்கிறது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ., 2007இல் வெளியான 'கலா' தொகுப்பின் முதற்பாட்டில் 'தளபதி' படப்பாடல் ஒன்றின் ஒலித்துண்டை அப்படியே எடுத்தாண்டார். அது ஒலிப்பதிவே காட்டும் தாக்கம். நேர்காணலை நம்ப வேண்டியதில்லை.

நேர்காணல் வேண்டியிருப்பது கோடம்பாக்கத்தில். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் கணினி நுழைந்தது என்று இளையராஜாவின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம். அந்த ஆண்டுகளில் பெட்டிகளை இயக்கிய கைகள் சிங்கைப் போன்ற பக்கவாத்தியக்காரர்களுடையவை. திரையில் அவர்கள் பெயர் வருவது அரிது. 'நீங்கள்தான் முதலா?' என்று கேட்டால் பெருமிதமோ அடக்கமோ பதிலாக வரும். எந்தப் பெட்டி, எந்த ஊரில் வாங்கியது, சுங்கத்தில் என்ன கட்டினீர்கள், எந்தக் குமிழை எதற்காகத் திருகினீர்கள், தபலாக்காரருக்கு அன்றைக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்க வேண்டும்.