வழுவியோர்க்குத் திறந்த வாயில்

எகிப்து நாட்டு மணலின் அடியில் கண்டெடுக்கப்பட்ட பழைய பப்பைரஸ் தாள்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவை ஒரே அமைப்புடையவை. தாம் எந்நாளும் தேவர்களை வழிபட்டு வந்ததாகவும், இப்பொழுதும் அதிகாரிகளின் முன்னிலையில் மதுவை வார்த்து, பலியிட்டு, பலியுணவை உண்டதாகவும் குடிமகன் ஒருவன் அவற்றில் எழுதித் தருகிறான். கீழே சாட்சிகளின் கையொப்பம் உள்ளது. இவற்றிற் பல கி.பி. 250ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்தவை. இச்சிறு தாள் கிறிஸ்தவ சமய வரலாற்றில் ஒரு பெரிய வினாவை எழுப்பிற்று. அச்சத்தால் தன் இறைவனை மறுத்தவன், மீண்டும் அவ்விறைவனின் இல்லத்துள் நுழையலாமா? அவ்வினாவுக்குக் கிடைத்த விடையை இன்று நாம் காண்போம்.

249இல் ரோமாபுரியின் சக்கரவர்த்தியான டீசியஸ், பேரரசின் நலத்தை வேண்டிக் குடிகள் தேவர்களுக்குப் பலி செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டான். மறுத்தோர்க்குச் சிறையும் சித்திரவதையும் காத்திருந்தன. ரோமாபுரி ஆயர் பேபியன் 250 ஜனவரியில் உயிர் துறந்தார். உறுதியாக நின்றவர் சிலர். வழுவியவரோ மிகப் பலர். வட ஆப்பிரிக்காவில், இன்றைய டியூனிஸ் நகருக்கு அருகிலிருந்த கார்த்தேஜில் நிகழ்ந்தவற்றை அந்நகர ஆயர் சிப்பிரியான் எழுதி வைத்திருக்கிறார். தம்மைப் பிடிக்க ஆள் வருமுன்னரே மக்கள் தாமே ஓடிச்சென்று பலியிட்டனராம். பொழுது சாய்ந்தமையால் மறுநாள் வரச் சொன்ன அதிகாரிகளிடம் அன்றே ஏற்றுக்கொள்ளுமாறு மன்றாடியவர்களும் உண்டாம். வேறு சிலர் பலியிடாமலே, கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் பெற்றுக்கொண்டனர்.

இதனை எழுதிய சிப்பிரியானும் பழிக்குத் தப்பவில்லை. துன்பம் தொடங்கியதும் அவர் நகரைவிட்டு மறைந்து வாழ்ந்தார். மறைவிடத்திலிருந்து மடல்கள் வாயிலாகத் தம் மக்களை நடத்தி வந்தாராயினும், மந்தையை விட்டு ஓடிய மேய்ப்பர் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். பிறருடைய வீழ்ச்சியைப் பற்றித் தீர்ப்புக் கூறவேண்டிய அவரே இத்தகைய ஏச்சைச் சுமந்து நின்றார் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

புயல் தணியத் தொடங்கியது. வழுவியோர் கண்ணீருடன் திருச்சபையின் வாயிலுக்குத் திரும்பி வந்தனர். அங்கே இரு குரல்கள் எழுந்தன. சிறையில் உறுதி காத்த வீரர்கள் சிலர், இன்னாரையும் அவர் குடும்பத்தாரையும் ஏற்றுக்கொள்க என்று பரிந்துரை மடல்களை வாரி வழங்கினர். மனவருத்தமும் தவமும் இன்றியே நற்கருணை பெறுவதற்கு அம்மடல்கள் வழியாயின. இதற்கு நேர்மாறாக, ரோமாபுரிக் குருவாகிய நொவேஷியன், இறைவனை மறுத்தோரை மன்னிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்றார். அவர்கள் சாகும்வரை அழட்டும், கதவு திறவாது என்பதே அவர் கொள்கை. முதற்குரல் வீழ்ச்சியை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இரண்டாம் குரல் வீழ்ந்தவனை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

உண்மையான மனந்திரும்புதல் எத்தகையது என்பதை அக்காலத்து மடல் ஒன்று காட்டுகிறது. ரோமாபுரியிற் சிறைப்பட்டும் உறுதி குலையாத செலெரினுஸ் என்பவர், வழுவிய நுமேரியா, காந்திதா என்னும் இரு சகோதரிகளுக்காக மன்றாடி அதனை எழுதினார். உயிர்ப்புத் திருநாளின் மகிழ்ச்சியிலும் தாம் அழுதுகொண்டிருந்ததாக அவர் கூறுகிறார். அப்பெண்கள் செய்ததென்ன? கார்த்தேஜிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களைத் துறைமுகத்துக்கே சென்று எதிர்கொண்டு, நகருக்கு அழைத்துவந்து, 65 பேருக்குப் பணிவிடை புரிந்தனர். பிறந்த ஊரைவிட்டு அயலூரில் வாழும் நமக்கு, இறங்கும் துறையில் நமக்காகக் காத்திருக்கும் ஒரு முகத்தின் அருமை தெரியாததன்று. இழந்த நட்பை இறைவனிடம் மீண்டும் தேடியவர்கள், அவனுக்காகத் துன்புற்றோரின் காலடியில் அதனைத் தேடினர்.

251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் இரு குரல்களையும் விலக்கி நடுவழி கண்டது. சான்றிதழ் மட்டும் பெற்றவரை, ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்ந்து சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர் தவத்தில் நிலைத்திருந்தால், மரணத் தறுவாயிலேனும் அவருக்குச் சமாதானம் அளிக்கவேண்டும் என்பது அம்மன்றத்தின் முடிவு. மீண்டும் துன்பம் மூளும் அறிகுறி தோன்றவே, சில ஆண்டுகளுக்குள் ஆயர்கள் இன்னும் ஓர் அடி முன்சென்று, தவம் புரிந்துவந்த அனைவரையும் ஏற்றனர். போருக்கு அனுப்பப்படும் வீரனுக்கு உணவை மறுத்தல் தகுமோ என்பது அவர்கள் கருத்து. முதலில் அஞ்சாது நின்று, பின்னர்ச் சித்திரவதை தாளாது வீழ்ந்த மூவர் மூன்றாண்டுகள் அழுதிருந்தனர். அவர்களைப் பற்றிக் கேட்ட ஆயர்களுக்கு, அம்மூன்றாண்டுகளே போதும் என்று சிப்பிரியான் விடை எழுதினார்.

வீழ்ந்தவர் நிமிர்ந்து நிற்பதும் உண்டு. காஸ்துஸ், ஏமிலியுஸ் என்னும் இருவர் முதல் முறை நெருப்புக்குத் தோற்றனர்; மறுமுறை அதே நெருப்பை வென்று உயிர் கொடுத்தனர். அவர்களைச் சான்றாகக் காட்டிய சிப்பிரியானும், 258 செப்டம்பர் 14 அன்று, தம் மக்களின் கண்ணெதிரே கார்த்தேஜில் வாளுக்குத் தலை கொடுத்தார். அன்று அவர் ஓடவில்லை.

325இல் நைசேயாவில் கூடிய பொதுச்சங்கம், நொவேஷியனைப் பின்பற்றிய குருக்கள் திரும்பி வருவதற்கு விதி வகுத்தபொழுது, வழுவி மனந்திரும்பியோருடன் உறவு கொள்வதாக எழுதித் தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கதவை அடைத்தவர்களும் அக்கதவின் வழியேதான் உள்ளே வரவேண்டியதாயிற்று.

இவ்விடையின் வேர் நற்செய்தியிலேயே இருக்கிறது. முற்றத்தில் கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்து நின்ற பேதுரு, தம் ஆண்டவரை மும்முறை மறுத்தார். பின்னர்க் கலிலேயக் கடற்கரையில், வேறொரு கரிநெருப்பின் அருகே, உயிர்த்தெழுந்த இயேசு தம்மீது அன்பு உண்டா என்று அவரை மும்முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் தம் ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார். மறுப்பு மறைக்கப்படவில்லை, எண்ணிக்கை பிசகாமல் அன்பினால் ஈடுசெய்யப்பட்டது. மன்னிப்பு என்பது வீழ்ச்சியை இல்லையெனக் கூறுவதன்று. வீழ்ந்தவனிடம் மீண்டும் ஒரு பொறுப்பை நம்பிக் கொடுப்பதேயாம்.